கல்லும் கல்லும் தொடும் நாள்

தோட்டத்து ஆயாக் கொட்டகையில், சேலைத் தொட்டிலில் தூங்கி வளர்ந்தவர்கள் நம்மில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். விடிவதற்கு முன்பே அம்மாக்கள் நம்மைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அங்கே கிடத்திவிட்டுப் ரப்பர் பால்மரம் வெட்ட ஓடுவார்கள். உறைந்த ரப்பர் கட்டிப்பாலின் நாற்றமும் டின்பாலின் வாசனையும் கலந்த அந்தக் காற்றை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்களில் சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். குகைக்குள் உட்கார்ந்து மகளுக்காகக் காத்திருக்கும் ராணியின் கதை.

அது தமிழ்நாட்டு ஊரிலிருந்து மலேசியாவுக்குக் கப்பலேறி வந்த பழங்கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிலர் மலாய்க்காரர்களின் கதை என்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் அதைச் சீனக் கதை என்று என்னிடமே அடித்துச் சொன்னார். இவற்றில் எதுவும் இல்லை. அது என் அத்தையின் கதை. அப்பாவின் ஒரே தங்கை. அவள் முதன்முதலாக அதைச் சொன்னபோது நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நின்ற காலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பெரியவர்கள் எல்லோரும் அடையாளக் கார்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நீலக் கார்டு வைத்திருந்தவர்களுக்குக் கவலை இல்லை. சிவப்புக் கார்டு என்றால் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் தோட்டத்தில் பெயர் இல்லை என்று வந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் யாராவது கோழிகளையும் ஆட்டையும் விற்றுவிட்டுப் ஊருக்குக் கப்பலேறப் பினாங்குக்குப் போனார்கள். என்னோடு படித்த பிள்ளைகள் சிலேட்டையும் வாட்டர் பாட்டிலையும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு அது ஏதோ பண்டிகை போலத்தான் இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் அப்பா பாரிட் புந்தாரிலிருந்து அத்தையை அழைத்துக்கொண்டு வந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். கையில் ஒரு தகரப் பெட்டி. காதில் ஒரு பக்கம் மட்டும் தோடு இருந்தது. மற்றது எங்கே என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்ததாக நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம், பார்த்ததில்லை. இரண்டு வாரம் கழித்துத் தம்பி, "பாப்பா எங்க அத்தை?" என்று கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு, "பாப்பா சாமிகிட்ட போயிருச்சு. இனி அந்தப் பேச்சு எடுத்தா வாயில சூடு போடுவேன்" என்றாள். நாங்கள் நம்பிவிட்டோம். லயத்தில் குழந்தைகள் சாவது அப்போது புதிதல்ல.

ஆயாக் கொட்டகையில் ஓர் ஆள் குறைந்ததால் அத்தையை அங்கே போட்டார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர், உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் தொட்டில்கள், எனாமல் குவளைகள். பின்னால் கம்பிவேலிக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் குன்று செங்குத்தாக நிற்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் பெரிய பிள்ளைகளும் அங்கேதான் போவோம். அத்தை இரண்டு கால்களாலும் இரண்டு தொட்டிலை ஆட்டுவாள். ஒரு கையால் மூன்றாவதை இழுத்து விடுவாள். அப்படியே ஆட்டிக்கொண்டு ஒருநாள் கதையைத் தொடங்கினாள்.

ஒரு ராணிக்கு ஒரு மகள். நடக்கத் தெரிந்துவிட்டது, பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. தூங்கும்போது அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை. ஒருநாள் கடலோரத்தில் வீடு பெரிசுக்கு ஒரு வெள்ளைப் பறவை வந்து இறங்கியது. ராஜா மகளைத் தூக்கிக்கொண்டு அதன் முதுகில் ஏறிவிட்டான். "நீயும் ஏறு" என்று ராணியைக் கூப்பிட்டான். ராணி ஒரு காலை வைத்துவிட்டாள். அவளுடைய அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். பறவை பறந்துவிட்டது.

"அந்த அண்ணன் கெட்டவனா அத்தை?" என்று நான் கேட்டேன்.

அத்தை தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை. "இல்லடா கண்ணு. ரொம்பப் பாசமான அண்ணன். அதான் பிடிச்சுக்கிட்டான்."

ராணி அழுதுகொண்டே குன்றிடம் போகிறாள். என் பிள்ளையைத் திருப்பிக் கொடு என்கிறாள். என்கிட்டே தண்ணியும் கல்லும்தான் இருக்கு என்கிறது குன்று. எனக்குள்ளே வந்து உட்காரு. உன் கண்ணீர் மேலேயிருந்து சொட்டும். சொட்டச் சொட்ட மேலே ஒரு கல் கீழ்நோக்கி வளரும், கீழே ஒரு கல் மேல்நோக்கி வளரும். ரெண்டும் தொடுகிற நாளில் உன் பிள்ளை வரும்.

"அப்புறம்?" என்று கேட்டால், "அவ்வளவுதான். இன்னும் தொடல" என்பாள். எத்தனை தடவை சொன்னாலும் கதை அங்கேயே நிற்கும். நடுவில் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது சேரும். பறவை பறந்து போன தேசத்தில் பிள்ளை என்ன சாப்பிட்டது, காய்ச்சல் வந்தபோது யார் நெற்றியில் துணி போட்டார்கள், முதல் பல் விழுந்தபோது எந்தக் கூரையில் எறிந்தது. இதையெல்லாம் அத்தை சொல்லும்போது அவள் முகம் அப்படித் தெளிவாக இருக்கும். நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவள் போலச் சொல்வாள். மற்ற லயங்களிலிருந்தும் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கொட்டகைத் தரையில் உட்கார இடம் இருக்காது.

குன்றில் உண்மையாகவே ஒரு குகை இருந்தது. உள்ளே போகக் கூடாது என்று கண்டிப்பு. ஆனால் கதை கேட்ட பிறகு போகாமல் எப்படி இருப்பது? போனோம். வௌவால் நாற்றம். குளிர்ந்த காற்று. கொஞ்ச தூரத்திலேயே அது இருந்தது. கூரையிலிருந்து ஒரு கல் தொங்கியது, நேர் கீழே தரையிலிருந்து ஒரு கல் எழும்பி நின்றது. மேல்கல்லின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பெருத்துக்கொண்டே வந்து விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். இவ்வளவுதானே, சீக்கிரம் தொட்டுவிடும் என்று நினைத்தோம். மறுபடி மறுபடி போய்ப் பார்த்தோம். இடைவெளி அப்படியே இருந்தது.

யாருக்கு முதலில் அந்த யோசனை வந்தது என்று இப்போது நினைவில்லை. மரத்தடியில் பால் வடியும் மங்குகளில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலை எடுத்துக்கொண்டு போய் அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் இரண்டு கல்லும் தொட்ட மாதிரிதானே? குன்றுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? பள்ளிக்கூடப் பையில் கட்டிப்பாலைத் திணித்துக்கொண்டு போனோம். தம்பிதான் எடை குறைந்தவன். கீழ்க்கல்லின் தோள்மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடைத்தான். கடைசித் துண்டு பொருந்திவிட்டது. "தொட்டிருச்சு" என்று சொல்லிக்கொண்டே வழுக்கி விழுந்தான். கை மடங்கிய விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது அத்தைதான். தம்பியை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கல்லுக்கும் நடுவில் அழுக்கு மஞ்சளாக அந்தக் கட்டிப்பால்.

"யாருடா இது?"

"நாங்கதான் அத்தை. ராணியோட பாப்பா சீக்கிரம் வரட்டும்னு" என்றேன்.

அத்தை அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குகை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. தம்பி கை வலியை மறந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை ஒடிந்ததற்காக அழுகிறாள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

தம்பியை ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட்டுக் கூட்டி வந்தார்கள். அன்று சாயங்காலம் அப்பா வாசலில் நின்று சத்தம் போட்டார். லயத்து வீடுகளுக்குக் கூரைவரை சுவர் கிடையாது. ஒரு வீட்டில் பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

"பிள்ளைங்க மண்டையில என்னத்த ஏத்தி வச்சிருக்க நீ? குகைக்குப் போக வச்சிருக்க. இன்னும் கொஞ்சம் மேல இருந்து விழுந்திருந்தா?"

"நான் போகச் சொல்லல அண்ணே."

"கதை சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"இனிமே அந்தக் கதை உன் வாயில வரக் கூடாது. பைத்தியக்காரின்னு பேரு எடுக்கணுமா? போதும் லா."

 அத்தை சாதாரணமாகத்தான் சொன்னாள், குரலை உயர்த்தவில்லை.

"கதையில வர்ற பிள்ளைக்காச்சும் திரும்பி வர ஒரு வழி வச்சேன் அண்ணே. எம் பிள்ளைக்கு நீங்க என்ன வழி வச்சீங்க?"

அப்பா வாசலிலிருந்து இறங்கி நடந்தார். அம்மா உள்ளே போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீடுகளில் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பாப்பா சாமியிடம் போகவில்லை என்று.

முழு விஷயத்தையும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். அத்தையின் புருஷனுக்கும் மாமியாருக்கும் சிவப்புக் கார்டு, அத்தைக்கு நீலம். வேலை போய்விட்டது. ஊருக்குப் போகக் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்கள். தங்கை அங்கே போய்ப் பட்டினி கிடப்பாள் என்று அப்பா பயந்தார். புறப்படுவதற்கு முந்தின வாரம் பாரிட் புந்தாருக்குப் போய் அவளைக் கூட்டி வந்தார். பிள்ளையைத் தரமாட்டோம் என்று மாமியார் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை எங்ககிட்ட இருந்தா தாயி தன்னால பின்னாடி வருவா" என்பது அவள் கணக்கு. "பால்குடி மறக்காத பிள்ளைய தாயில்லாம எத்தன நாள் வச்சிருப்பாங்க? அவங்களே கொண்டாந்து விடுவாங்க" என்பது அப்பாவின் கணக்கு. பிரியும்போது பிள்ளை அத்தையின் காதைப் பிடித்த பிடியில் தோடு கையோடு போய்விட்டது. இரண்டு பக்கமும் மற்றவர் இறங்கி வரட்டும் என்று காத்திருந்தார்கள். கப்பல் புறப்படும் அன்று அப்பா பினாங்குக்குப் போனார், எப்படியும் கடைசி நேரத்தில் பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி. அவர்கள் காலையிலேயே ஏறிவிட்டார்கள். அத்தையும் அண்ணனை நம்பி, பிள்ளைக்கு ஒரு கவுனைத் தைத்து வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றாளாம்.

எனக்கு அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல இன்றும் வாய் வராது. மாமியாரைக்கூட அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் பிள்ளைமேல் பாசம் இருந்தது. நடுவில் ஒரு குழந்தையைப் பணயம் வைத்திருக்கிறோம் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

தம்பி விழுந்த பிறகு தோட்டத்து ஆபீஸ் கிராணி அத்தையைக் கொட்டகையிலிருந்து எடுத்து வெளிக்காட்டில் புல்வெட்டப் போட்டார். கொட்டகையில் வேறு ஓர் ஆள் வந்தார். அவர் அதட்டித் தூங்க வைத்தார். அத்தை அதற்குப் பிறகு கதை சொல்லவே இல்லை. ஆனால் நாங்கள் சொன்னோம். பள்ளிக்கூடத்தில், ஆற்றங்கரையில், கோயில் திருவிழாவில் மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளிடம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாமெல்லாம் டவுனுக்கும் ஃப்ளாட்டுக்கும் சிதறினபோது கதையும் கூடவே போனது. அத்தையின் பெயர் மட்டும் போகவில்லை.

அவள் புருஷன் ஊரில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதாக யாரோ வந்து சொன்னார்கள். அடுத்த வருஷம் கமுந்திங்கில் மனைவியை இழந்த ஒரு லாரி ஓட்டுநருக்கு அத்தையைக் கொடுத்தார்கள். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அத்தை ஒன்றும் சொல்லாமல் போனாள். அந்தப் பிள்ளைகளை நன்றாக வளர்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

அப்பா கடைசியாக ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை தினமும் கமுந்திங்கிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஒருநாள் பார்வையாளர் நேரத்தில் அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, எங்கோ பார்த்துக் கேட்டார்.

"அந்தக் கதையில அண்ணங்காரன் ஒருத்தன் வருவானே. அவன் என்னம்மா ஆனான்?"

நாங்கள் யாரும் அதை அவரிடம் சொன்னதில்லை. எப்போதோ கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார்.

அத்தை கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அவன் தங்கச்சிய கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டான் அண்ணே. இந்தா, இன்னும் ஒரு வாய்."

அப்பா அந்த வாயை வாங்கிக்கொள்ளவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

இந்த வருஷம் தம்பியின் பேத்தி படிக்கும் தமிழ்ப்பள்ளியில் கதை சொல்லும் போட்டி நடந்தது. நானும் தம்பியும் போயிருந்தோம். நீலச் சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் மேடை ஏறி, "ஒரு ராணிக்கு ஒரு மகள்" என்று தொடங்கினாள். தம்பி என் பக்கம் திரும்பவில்லை. கோணலாக ஒட்டிய அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் கல் தொடாத இடத்தில் நிறுத்தவில்லை. கல் தொட்டுவிட்டது. மகள் ஏரோப்பிளேனில் வந்து இறங்கினாள். ஆயிரம் பேர் நிற்கிற கூட்டத்தில் ராணியை ஒரே பார்வையில் கண்டுபிடித்து, "அம்மா" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அறிவிப்பாளர், "அருமையான நாட்டுப்புறக் கதை. எழுதியவர் யாரென்று தெரியவில்லை" என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். "எங்க பாட்டி. முடிவு மட்டும் நானா வச்சது. பாட்டி கதைக்கு முடிவே இல்ல" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ரயிலேறித் தைப்பிங்கில் இறங்கி, கமுந்திங்குக்குப் போனேன். அத்தைக்கு எண்பது ஆகப்போகிறது. லாரிக்காரரின் மகன் வீட்டில் இருக்கிறாள். அவனும் அவன் மனைவியும் அவளைத் தாங்குகிறார்கள். கண் மங்கலாகிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். உங்கள் கதை செத்துப்போகவில்லை அத்தை, ஸ்கூல் பிள்ளைகள் சொல்கிறார்கள் என்றேன். பள்ளிக்கூடத்தில் பேசி உங்கள் பெயரைப் போடச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பிள்ளை தாய அடையாளம் கண்டுக்குச்சா?" என்றாள்.

"ஒரே பார்வையில."

அத்தை சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு. பிறகு, சமையலறையில் மருமகள் இருக்கிறாளா என்று கேட்டு, இல்லை என்றதும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் போயிப் பாத்தேன் லா. உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்தியாவுக்குக் கோயில் டூர் போனோமே, உங்க லாரிக்கார மாமா செத்த பொறவு. கூட வந்தவங்ககிட்ட ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு, ஒரு வண்டி வச்சுக்கிட்டு பாப்பாவோட அப்பா ஊருக்குப் போனேன். விசாரிச்சா வீட்டைக் காட்டினாங்க."

நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"வாசப்படியில நின்னேன். மலேசியாவுல இருந்து வாரேன், உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவன்னு சொன்னேன். அப்பா செத்துட்டாருன்னுச்சு. உக்காருங்கன்னுச்சு. 'எங்க பெத்த அம்மாகூட அங்கதான் செத்துச்சாம், நான் கைப்பிள்ளையா இருந்தப்ப. வருசா வருசம் வெளக்கேத்துவேன்'னுச்சு. வெளக்கைக்கூடக் காட்டுச்சு. படம் ஒண்ணும் இல்ல. வெறும் வெளக்குதான்."

"நீங்க சொல்லலையா அத்தை?"

"சொல்லத்தான் போனேன். கட்டில்ல அந்தப் பொம்பள படுத்துக் கெடந்துச்சு. அவரு ரெண்டாவதா கட்டினவ. கை கால் வெளங்கல. எம் மக அதுக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. 'அம்மா, இன்னும் ஒரு வாய்'னு. நான் வந்ததால பாதியில எந்திரிச்சு வந்துச்சு. கையில சோறு." அத்தை தன் வலது கையை விரித்துக் காட்டினாள். "சோத்துக் கையோட நிக்கிற பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? தண்ணி கேட்டேன். குடுத்துச்சு. குடிச்சிட்டு வந்துட்டேன்."

 வெளியே ஃபேக்டரி பஸ் ஒன்று போயிற்று. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பேரெல்லாம் போட வேணாம். அந்தப் பாப்பா வச்ச முடிவே இருக்கட்டும். நல்லா இருக்கு." என் கையைத் தேடிப் பிடித்தாள். "அது எப்படிச் சொல்லுச்சு? முதல்ல இருந்து சொல்லு."

நான் சொன்னேன். ஒரு ராணிக்கு ஒரு மகள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் "ம்" என்றாள்.